அட்டையில் 100, பாட்டிலின் அடியில் 120: உங்கள் ட்ராவல் பாட்டில் செட் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ட்ராவல் பாட்டில் செட் பற்றி சாட்டில் எழுதிவிட்டேன், மெயில் போட்டுவிட்டேன், போனில் பேசிவிட்டேன், உங்கள் ஆட்கள் வரச் சொன்னார்கள் என்று நேரிலும் போய்விட்டு வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு புகார் எண் வருகிறது, கொஞ்ச நாளில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வருகிறது. எதுவும் தீரவில்லை. அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன். நீளமான கடிதம், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

விஷயம் இதுதான். செட்டின் அட்டையில் '100 மி.லி., கேபின் லக்கேஜுக்கு ஏற்றது' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் '120 மி.லி.' என்று இருக்கிறது. மையில் அச்சடித்தது இல்லை, பிளாஸ்டிக்கிலேயே புடைப்பாக வார்த்த எழுத்து. பாட்டிலுக்கும் நிறமில்லை, எழுத்துக்கும் நிறமில்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். வாங்குகிறவர் கண்ணில் அது படாது. ஆனால் செக்யூரிட்டியில் நிற்கிற அதிகாரி கண்ணில் படும், அவர் தேடுவதே அந்த எண்ணைத்தான்.

எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. நானும் அம்மாவும் வெளிநாடு போனோம். கிளம்பிய இடத்தில் விட்டுவிட்டார்கள். நடுவில் விமானம் மாறுகிற இடத்தில் மறுபடியும் சோதனை, அங்கே பையைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, விரலை அந்த எழுத்தின் மேல் வைத்து எனக்குக் காட்டினார். '100-க்கு மேல் இருக்கிற பாட்டில் அனுமதி இல்லை' என்றார். உள்ளே பாதிதான் இருக்கிறது என்றேன். உள்ளே எவ்வளவு என்பது கணக்கில்லை, பாட்டில் எவ்வளவு கொள்ளும் என்பதுதான் கணக்கு என்றார். அவர் சொன்னது சரி. விதியே அதுதான். 150 மில்லி டூத்பேஸ்ட் ட்யூபில் கடைசிப் பிதுக்கல் மட்டும் மிச்சம் இருந்தாலும் விட மாட்டார்கள்.

உங்களுக்கு இது தெரியாதா? ஊருக்குப் போகிறவர்களுக்கென்றே பாட்டில் செய்து விற்கிற கம்பெனி நீங்கள். 2006 ஆகஸ்டில் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிரிட்டனில் பிடிபட்டதற்கு அப்புறம் வந்த கட்டுப்பாடு இது. அந்த வருடம் நவம்பரிலிருந்தே ஐரோப்பாவில் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாட்டிலுக்கு 100 மில்லி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, வெளியே இருந்து பார்த்தால் தெரிகிற, மூடித் திறக்கக்கூடிய ஒரே ஒரு கவர். அடிக்கடி பறக்கிறவர்களுக்கு இது மனப்பாடம். உங்கள் பாட்டிலை வடிவமைத்தவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்துதான் அட்டையில் 100 என்று போட்டிருக்கிறீர்கள்.

அதற்கு உங்கள் சாட்டில் வந்த பதில்: 'பாட்டிலில் 100 மில்லிக்கு ஒரு கோடு இருக்கிறது, அந்தக் கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும், 120 என்பது விளிம்பு வரைக்குமான அளவு.' சரி, அப்படியே இருக்கட்டும். அந்தக் கோட்டை வைத்து எந்த விமான நிலையத்தில் பேச முடியும்?

இப்போது அம்மாவின் லோஷன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் வயிறு எரிவது இதில்தான். அம்மாவுக்குத் தோலில் நாள்பட்ட பிரச்சினை இருக்கிறது, காலை மாலை தடவ ஒரு லோஷனை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பெரிய பாட்டிலில் வருகிறது. செட்டோடு நீங்கள் வைத்த துண்டுக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'ஷாம்பு, கண்டிஷனர், மருந்து லோஷன் எல்லாவற்றையும் இதில் மாற்றிக்கொண்டு கவலையில்லாமல் பயணம் செய்யுங்கள்.' அதை நம்பித்தான் மாற்றினோம். பயணத்தில் தேவைப்படும் மருந்துக்கு 100 மில்லி விதியிலிருந்து விலக்கு உண்டு. தனியாக எடுத்து ட்ரேயில் வைத்து, கேட்டால் மருந்துச் சீட்டைக் காட்டினால் போதும். ஆனால் லேபிளோடு இருக்கிற அசல் பாட்டிலில் இருந்தால்தானே அது மருந்து என்று தெரியும்? உங்கள் நிறமில்லாத பாட்டிலில் ஊற்றியதும் அது பெயரில்லாத வெள்ளைத் திரவம் ஆகிவிட்டது. அம்மா மருந்துச் சீட்டை நீட்டினார். அதிகாரி சீட்டைப் படித்தார், பாட்டிலைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டார். அம்மா செருப்பைக்கூடப் போடாமல் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன இடத்தில் அந்த லோஷன் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது, வெளியூர்ச் சீட்டு அங்கே செல்லாது. அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து வாங்குவதற்குள் அம்மாவின் கை முழுக்க வெடிப்பு. ராத்திரி தூக்கமில்லை. எந்த இடத்தையும் நிம்மதியாகப் பார்க்கவில்லை. அந்தப் பயணமே பாழ். இனிமேல் விமானத்தில் ஏறவே மாட்டேன் என்கிறார். அதற்கு முழுப் பொறுப்பு உங்கள் கம்பெனிதான்.

இதையெல்லாம் உங்கள் கஸ்டமர் கேரில் ஒருவரிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா? "அவ்வளவு முக்கியமான மருந்துன்னா அதை எதுக்கு மேடம் எங்க பாட்டில்ல ஊத்துனீங்க?" அப்படியே இந்த வார்த்தைகள். பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. உங்கள் காகிதத்திலேயே ஊற்றச் சொல்லியிருக்கிறீர்களே என்று நான் படித்துக் காட்டியபோது, "அதெல்லாம் மார்க்கெட்டிங் டீம் எழுதுறது" என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, புகார் எண்ணை வைத்து உங்களால் கண்டுபிடிக்க முடியும். அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று ஆரம்பத்தில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை நீங்களே உட்கார்ந்து கேளுங்கள்.

ஒழுகல் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். செக்-இன் பெட்டியில் போட்ட ஷாம்பு பாட்டிலும் உங்கள் செட்டுதான். பெட்டியைத் திறந்தால் துணியெல்லாம் ஷாம்பு. 'ஒழுகாது' என்றும் அதே அட்டையில்தான் இருக்கிறது. அதற்கு ஒருவர் முக்கால் பாட்டில்தான் நிரப்ப வேண்டும் என்றார், வேறொருவர் காற்றே இல்லாமல் முழுதாக நிரப்ப வேண்டும் என்றார். முழுதாக நிரப்பினால் அந்த 100 மில்லி கோடு எங்கே போகும்? முதலில் உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். விமானம் மேலே போனதும் உள்ளே இருக்கிற காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல ஆகிவிடும், தரையில் இருப்பதில் முக்கால் பங்குதான் இருக்கும். பாட்டிலுக்குள் மாட்டிய காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியப் பார்க்கும், விரியும்போது திரவத்தை மூடி வழியாகத் தள்ளும். அதனால்தான் மெத்தென்ற பாட்டிலைப் பிதுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடச் சொல்கிறார்கள். உங்கள் பாட்டில் கெட்டி பிளாஸ்டிக், பிதுக்க முடியாது. மூடியோ திருகு மூடி இல்லை, கட்டைவிரலால் தட்டித் திறக்கிற மூடி, உள்ளே ஒரு வாஷர்கூட இல்லை. இது பறந்தால் ஒழுகாமல் என்ன செய்யும்?

செட்டோடு வருகிற கவரும் அப்படித்தான். ஒரு பக்கம்தான் கண்ணாடி மாதிரி தெரிகிறது, மறுபக்கம் கறுப்புத் துணி. நீங்களே கொடுத்த பாட்டில்களை எல்லாம் உள்ளே வைத்தால் ஜிப் பாதியில் நின்றுவிடுகிறது. பிதுங்காமல் மூட வேண்டும் என்பதும் விதிதானே.

நேரில் போன கதையையும் சொல்லியாக வேண்டும். 'பொருளைக் கொண்டு வாருங்கள், பார்த்து மாற்றித் தருகிறோம்' என்று மெயில் அனுப்பியது உங்கள் ஆட்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டில் மிச்சமிருந்த ஒரு காலி பாட்டிலையும் அட்டையையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போனேன். டோக்கன் வாங்கிக் காத்திருந்து என் முறை வந்தது. கவுன்டரில் இருந்தவர் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. 'பறிமுதல் ஆன பாட்டிலைக் கொண்டு வந்தால்தான் கிளெய்ம் எடுக்க முடியும்' என்றார். வேறொரு நாட்டு விமான நிலையத்தின் குப்பைத் தொட்டியில் போனதை நான் எங்கே போய் எடுத்து வருவது? இதுவும் அதே செட்டில் வந்த பாட்டில்தான், இதன் அடியிலும் 120 என்றுதான் இருக்கிறது என்று காட்டினேன். 'இது வேற பேட்ச்சா இருக்கலாம்' என்றார். ஒரே பெட்டிக்குள் வேறு வேறு பேட்ச் வருமா? அப்புறம் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன், அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். கடை மூடுகிற வரைக்கும் அவர் வரவில்லை.

அதற்கும் அப்புறம் ஒரு மெயில். 'இப்போது பல விமான நிலையங்களில் 100 மில்லி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள், ஆகவே எங்கள் தயாரிப்பில் குறை இல்லை' என்று. புது ஸ்கேனர் வைத்த சில இடங்களில் தளர்த்தியது உண்மைதான். ஆனால் அப்படித் தளர்த்திய ஐரோப்பிய விமான நிலையங்களிலேயே 2024 செப்டம்பர் 1 முதல் மறுபடியும் 100 மில்லி என்று கொண்டுவந்தார்கள், பிறகு சில ஸ்கேனர்களுக்கு மட்டும் திரும்பத் தளர்த்தினார்கள். இடத்துக்கு இடம் மாறுகிறது, போகிற வழியில் எங்கே எது என்று பயணிக்குத் தெரியாது. தெரியாததால்தானே 100 என்று போட்ட பாட்டிலைத் தேடி வாங்குகிறோம்!

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. செட்டுக்குக் கொடுத்த பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். கூப்பன் வேண்டாம், அடுத்த முறை தள்ளுபடி வேண்டாம். அங்கே டாக்டருக்கும் லோஷனுக்கும் ஆன செலவு வேண்டும், ரசீதுகளை இணைத்திருக்கிறேன். அப்புறம் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம். அந்த "எதுக்கு மேடம் எங்க பாட்டில்ல ஊத்துனீங்க" என்ற கேள்விக்கும் சேர்த்து. எத்தனையோ பேர் எப்படியெல்லாமோ பேசிக் கேட்டிருக்கிறேன், இது மட்டும் இன்னும் காதில் நிற்கிறது.

உங்களிடம் மரியாதையாகவே கேட்கிறேன், நல்ல பதில் வரும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் அட்டை, பாட்டிலின் அடி, அந்தத் துண்டுக் காகிதம் மூன்றின் படங்களோடும் நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன். ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பதற்கு அங்கே என்ன பெயர் என்று உங்கள் வக்கீலுக்குத் தெரியும். நீங்கள் விற்கிற ஒவ்வொரு தளத்திலும் அதே படங்களோடு விமர்சனம் எழுதுவேன், எழுதியதை எடுக்கச் சொல்லி யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன்.

கடையில் இன்னும் அதே அட்டையோடுதான் செட் தொங்குகிறது, நேரில் வந்த அன்று பார்த்தேன். லீவு நாட்கள் வரப்போகின்றன, நிறையப் பேர் வாங்குவார்கள், அவர்களில் மருந்து எடுத்துப் போகிற வயதானவர்களும் இருப்பார்கள். எனக்குப் பணம் தருவது ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் அந்தக் காகிதத்தில் 'மருந்து லோஷன்' என்று இருப்பதை எடுங்கள், அட்டையில் 120 என்று திருத்துங்கள்.

பதிலை மெயிலில் அனுப்புங்கள். போன் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பொருளை நம்பி வாங்கிய ஒரு வாடிக்கையாளர்

இணைப்பு: பில், டாக்டர் ரசீதுகள், பாட்டிலின் அடிப்பகுதி, அட்டை, துண்டுக் காகிதம் ஆகியவற்றின் படங்கள், 'தீர்க்கப்பட்டது' என்று நீங்கள் அனுப்பிய எல்லா மெசேஜ்களும்.