அக்காவின்ர ஓலைக் கணக்கு

ஸ்காபுறோ, கனடா
பங்குனி மாதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவு மலரில போட உம்மட அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர். அன்பானவ, பொறுமையானவ, உதவி எண்டு வந்தவரை வெறுங்கையோட அனுப்பாதவ எண்டு எழுதலாம். எல்லாம் உண்மைதான். ஆனா அதே வரிகள் எந்த நினைவு மலரிலும் கிடக்கும். அக்காவுக்கு மட்டும் எண்டு இருந்தது பனையோலை இழைக்கிறதில அவவின்ர கைக்கணக்கு. அதைத்தான் எழுதுறன். மலருக்குப் பொருந்திறதை எடும். மிச்சம் உமக்கு, பட்டறையைப் பூட்டிப் போடாமல் நடத்துறதுக்கு.

எங்கட வகுப்பில கணக்கில எப்பவும் முதலாவதா வந்தவ அக்கா. 1995 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்துச் சண்டையில வலிகாமம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்குப் போனதோட அவவின்ர படிப்பு நிண்டுபோச்சு. ஒதுங்கியிருந்த வளவில கடகம் இழைச்சுக்கொண்டிருந்த ஒரு ஆச்சிதான் அவவுக்குக் குரு. ஆச்சி சத்தகம் எண்ட சின்னக் கத்தியால கண்மதிப்பில ஓலை வார்ந்தவ. அக்காவுக்கு அந்தக் கண்மதிப்பு போதேல்லை. சவரப் பிளேட்டை ரெண்டா முறிச்சு, பனைமட்டைத் துண்டில 4 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுச் செருகி, அதுக்குள்ளால ஓலையை இழுத்தா. ஒவ்வொரு சிலும்பும், அதுதான் வார்ந்த ஓலைக் கீற்று, ஒரே அகலத்தில வந்துது. இப்பவும் உங்கட பட்டறையில கிடக்கிறது அந்தக் கட்டையின்ர பிள்ளைகள்தான்.

அகலம் ஒண்டாயிருக்கிறது வடிவுக்கு மட்டும் எண்டு நினையாதையும். அரை மில்லிமீற்றர் கூடக்குறைய இருந்தால் பத்துப் பதினைஞ்சு சிலும்பு தாண்டேக்க பின்னல் ஒரு பக்கம் இழுபடும், பெட்டியின்ர மூலை முறுகும். பிறகு எவ்வளவு தட்டினாலும் நேராகாது.

ஓலை எடுக்கிறதில அவவிட்ட ஒரு கண்டிப்பு இருந்தது. ஒரு மரத்தில ஒரு குருத்து. அடுத்த குருத்து விரிஞ்சு சார்வோலையான பிறகுதான் அந்த மரத்துக்குத் திரும்ப ஆள் ஏறலாம். பதுங்குகுழிக்கு எண்டு தறிபட்ட பனைகளைக் கண்ட தலைமுறை எங்கட. மரம் ஏறுற சீவல்காரர் கூடுதலாக் கொண்டு வந்து குடுத்தாலும் அவ வேண்ட மாட்டா. நீரும் அந்தக் கண்டிப்பை விடக்கூடாது.

வெட்டின குருத்தை விரிச்சு மூண்டு நாள் வெயிலில காயவிட்டு, இரவில கூரைக்குக் கீழ எடுத்து வைக்க வேணும். ஒரு மழைத்துளி பட்டாலும் கரும்புள்ளி விழும், அது பூஞ்சணம், கழுவினாலும் போகாது. காய்ஞ்சுதோ எண்டு பார்க்க அவ செய்தது இது: ஒரு பிடி ஓலையைத் தெளிவான பொலித்தீன் பையில போட்டு வாயைக் கட்டி ரெண்டு மணித்தியாலம் வெயிலில வைப்பா. பையின்ர உள்பக்கம் வேர்த்தால் இன்னும் காயேல்லை. இழைக்க முதல் ஈரச்சாக்கில அரை மணித்தியாலம் சுத்தி வைக்கிறது பதத்துக்கு. சாக்கு பிழிஞ்சதா இருக்க வேணும். தண்ணி சொட்டினால் ஓலை ஊதும், இழைச்ச பிறகு காய்ஞ்சு சுருங்கேக்க பின்னலுக்கிடையில வெளிச்சம் தெரியும். சந்தைப் பெட்டிகள் ஒரு மாதத்தில தொளதொளக்கிறது இதாலதான்.

சாயம் போடுறதை வார்ந்த பிறகு செய்யிறவை கன பேர். வார்ந்த சிலும்பு கொதிதண்ணியில சிக்குப்படும், நுனி சுருளும். அக்கா ஈர்க்கு நீக்கின முழு ஓலைக்குச் சாயம் போட்டு, நிழலில காயவிட்டுப் பிறகுதான் வார்ந்தா. அவவின்ர கொப்பியில இருக்கிற அளவு: காய்ஞ்ச ஓலை ஒரு கிலோ, தண்ணி 15 லீற்றர், சாயத்தூள் 20 கிராம், ஒரு கைப்பிடி உப்பு, அரை மணித்தியாலம் கொதி. இரும்புச்சட்டி கூடாது, நிறம் கறுக்கும். கழுவுற தண்ணி தெளியும் வரைக்கும் அலச வேணும். இஞ்ச இதுக்கு ஒரு கூடுதல் காரணம் இருக்கு. ஆறு மாதத்துக்குக் கிட்ட ஆக்கள் கம்பளிக் கோட்டோட திரியினம், கையுறையில பனி உருகித் தண்ணியா நிக்கும். அரைகுறையா அலசின சிவப்புப் பெட்டி ஒண்டு வெளிர்நிறக் கோட்டில ஒருக்காப் பட்டால் அந்த வீட்டுக்காரர் பிறகு ஓலைப்பெட்டி வேண்ட மாட்டினம். மஞ்சள்தூள் சாயத்தை அக்கா கைவிட்டதும் சரிதான். வெயிலில வெளிறும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும்.

அவவின்ர கோலங்களைப் பற்றி எழுதாமல் விட ஏலாது. 2002 இல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்து வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வரத் தொடங்கேக்க, கடகமும் சுளகும் மட்டும் விலைப்படாது எண்டு அவவுக்கு விளங்கிச்சுது. சதுரக்கோட்டுக் கொப்பியில ஒரு கட்டத்துக்கு ஒரு சிலும்பு எண்டு கணக்குப் போட்டுக் கோலம் கீறினா. எங்கட பெட்டிப் பின்னல் மூலைவிட்டமாப் போறது. நேராக் கீறின பூ இழைக்கேக்க சரிஞ்சுபோகும். அதால கொப்பியை 45 பாகை திருப்பி வைச்சுக் கீறினா. நடுவில மையம் வர வேணுமெண்டால் சாயச் சிலும்பு ஒற்றைப்படை எண்ணிக்கையில இருக்க வேணும், 7, 9, 11. 2006 இல பாதை திரும்பப் பூட்டுப்பட்டுச் சாயத்தூள் தட்டுப்பட்டபோது, அதே கோலத்தை வெறும் வெள்ளைக் குருத்தோலையும் பச்சை மாறாத சார்வோலையும் சேர்த்து இழைச்சா. என்ர கண்ணுக்கு அவ செய்ததில அதுதான் உச்சம். அந்தக் கொப்பிகளைக் கறையான் எட்டாத இடத்தில வையும். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடிச்சு எனக்கும் அனுப்பும்.

இனி இஞ்சத்தை நிலைமை. வெளியில சுழியத்துக்குக் கீழ 15, 20 பாகை எண்டால் வீட்டுக்குள்ள ஹீற்றர் ராப்பகலா ஓடும். அந்தக் காத்து எங்கட பங்குனி வெயிலிலும் பார்க்க வறண்டது. தோல் வெடிக்கும், மரக்கதவு சுருங்கும், ஓலையும் மடிப்பில வெடிக்கும். தை மாதத்தை இஞ்ச தமிழ் மரபுத் திங்களாக் கொண்டாடுகினம், ஒன்ராறியோவில 2014 இல இருந்து சட்டமாவே இருக்கு. எங்கட சாமான் கூட விலைப்படுறதும் அந்த மாதந்தான், ஓலைக்கு ஆகக் கூடாத மாதமும் அதுதான். அதால ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு துண்டு வையும்: ஹீற்றர் வாயிலுக்குக் கிட்ட வைக்கக்கூடாது. விறைச்சுப்போனால் ஈரத்துவாயில சுத்திப் பொலித்தீன் பையில ஒரு இரவு விட்டு, காலமை கையால வடிவத்துக்குக் கொண்டு வந்து நிழலில காயவிட வேணும். தமிழோட ஆங்கிலத்திலயும் பிரெஞ்சிலயும் எழுதும், இஞ்ச பொருட்சீட்டில அந்த ரெண்டு மொழியும் வேணும்.

புட்டு அவிக்கிற கூம்புப் பெட்டி, நீத்துப்பெட்டியைத்தான் ஆக்கள் கூடத் தேடுகினம். ஸ்ரீல் புட்டுக்குழலில அவிச்ச புட்டுக்கு ஓலை மணம் இல்லை எண்டு இஞ்ச பிறந்த பிள்ளையளே சொல்லுதுகள். ஆனா இஞ்சத்தைச் சட்டிக்கு எங்கட பானை மாதிரிக் கழுத்து இல்லை, நேர்ச்சுவர். வாய் 16, 18, 20 சென்ரிமீற்றர் எண்டு வரும், ஆழம் குறைவு. ஊர் அளவில இழைச்சால் கூம்பின்ர நுனி தண்ணியில முட்டிப் புட்டு களியாகும். சட்டியின்ர வாய்க்குக் கீழ 6 சென்ரிமீற்றருக்கு மேல இறங்காத மாதிரி அகலமாகவும் குட்டையாகவும் இழையும். தண்ணி 3 சென்ரிமீற்றர் மட்டும் விடச் சொல்லித் துண்டில எழுதும், கெதியா வத்தும் எண்டும் சேரும். இணைப்பில ஆவி போகாமல் ஈரச்சீலை சுத்த வேணும். இதுக்குச் சாயமும் வார்னிஷும் படவே கூடாது. விளிம்பை மட்டையில உரிச்ச நாராலதான் கட்டும். நைலோன் நூல் பாரம் ஏறேக்க ஓலையை அறுக்கும்.

அனுப்புறதுக்கு ஒரு கணக்கு. விமானக் கூரியருக்கு நிறையிலும் பார்க்கப் பருமன்தான் காசு: நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில பெருக்கி 5000 ஆல பிரிப்பினம். 40 க்கு 40 க்கு 40 பெட்டி ஒண்டு, உள்ள ரெண்டு கிலோ இருந்தாலும், 12.8 கிலோவுக்குக் காசு கட்ட வேணும். அக்கா ஒண்டுக்குள்ள ஒண்டு அடங்கிற ஐஞ்சு பெட்டியை ஒரு கட்டாச் செய்தது இதைக் கணக்குப் பார்த்துத்தான். கப்பலில விடுறதெண்டால் பொலித்தீன் பைச் சோதினையைத் திரும்ப ஒருக்காச் செய்யும். கொள்கலன் வேர்க்கும். பூச்சிக்கு, கட்ட முதல் மைனஸ் 18 பாகையில ரெண்டு கிழமை ஆழ்குளிரூட்டியில வைக்கிறது நல்ல வழி. பொலித்தீனில இறுக்கிக் கட்டித்தான் உள்ள வைக்க வேணும், வெளிய எடுத்தால் பையை ஒரு நாள் திறக்கக்கூடாது, திறந்தால் ஓலையில நீர் படியும். மண்ணோ விதையோ ஒட்டியிருந்தால் இஞ்ச மறிச்சுப்போடுவினம்.

வாற தைக்கு ஐஞ்சடுக்குக் கட்டு நாற்பதும் நீத்துப்பெட்டி அறுபதும் இஞ்ச கேட்டிருக்கினம். ஐப்பசி மழை துவங்கினால் ஓலை காயாது. ஆவணிக்குள்ள குருத்து முழுக்க வெட்டிக் காயவைச்சுப்போடும். பெயர்ச்சீட்டில அக்காவின்ர பெயரே இருக்கட்டும்.

அம்மாவைக் கவனமாப் பாரும்.

அன்புடன்,
அக்காவோட படிச்சவள்