செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இதன் பிரதி வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்படும்.

பொங்கல் விழா, இரண்டு சிரமதானம், பிள்ளைகளுக்குக் கொப்பி வழங்கல் ஆகியன வழமைபோல் நடந்தன.

இனி ஹோட்டல் விடயம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான நம் லயங்களுக்கு மேலே உள்ள சரிவில் 120 அறை ஹோட்டல் கட்ட ஒரு கம்பனி விண்ணப்பித்தது. 99 அறைக்கு மேல் என்றால் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் வேண்டும். இதற்கு முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடே கேட்கப்பட்டது. அந்த அறிக்கை 30 வேலை நாட்கள் மக்கள் பார்வைக்கு இருக்கும். அதற்குள் எவரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். சட்டத்தரணி தேவையில்லை. சொன்னதற்குக் கம்பனி பதில் எழுதியே ஆக வேண்டும்.

சங்கத்தில் 84 அங்கத்தவர்கள். அறிக்கையைப் பார்க்க என்னோடு வந்தவர்கள் மூவர். நான்கு நாள் அங்கே உட்கார்ந்து வாசித்தோம். ஊற்றுத் தண்ணீர்க் குழாய் அவர்களின் வரைபடத்திலேயே இல்லை! மேல் லயத்துச் சுவர் வெடிப்பில் தீக்குச்சியைச் செருகிப் படமெடுத்து இணைத்தோம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்ததை நினைத்தால் சும்மா இருக்க மனம் வரவில்லை.

அனுமதி மறுக்கப்பட்டது. அன்று மட்டும் சங்கக் கட்டடத்தில் நிற்க இடமில்லை.

அப்புறம் கம்பனி மேன்முறையீடு செய்தது. அது அமைச்சின் செயலாளரிடம் போகும். அவர் முடிவே இறுதி. சட்டம் அந்த உரிமையை மறுக்கப்பட்ட விண்ணப்பதாரருக்குத்தான் தந்திருக்கிறது. அனுமதி கிடைத்திருந்தால் நமக்கு மேன்முறையீடே இல்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்டு வழக்குப் போட வேண்டியதுதான். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் மறுத்தது. மின்சார சபை மேன்முறையீடு செய்துதான் அனுமதி வாங்கியது. அந்த அணைக்குப் பக்கத்தில் குடியிருந்தும் எனக்கு இது இவ்வருடந்தான் தெரியும்.

எம்மையும் விசாரணைக்கு அழைக்கும்படி பதிவுத் தபாலில் எழுதினேன். பதில் இல்லை. மேன்முறையீட்டு மனுவின் பிரதியைத் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டேன். 14 வேலை நாட்களில் சொல்ல வேண்டிய முடிவு வரவில்லை. அச்சட்டப்படி முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு முறையிட்டேன், அங்கும் மௌனம். இப்போது விடயம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவில் இருக்கிறது. "செயலாளருக்கு வேறு வேலை இல்லை" என்று கடைவாசலில் பேசப்பட்டதும் என் காதுக்கு வந்தது. பரவாயில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். பிரதி எடுத்தது, தபால், பஸ் காசு என்று போனது கொஞ்சம் அதிகம். பொருளாளரிடம் சிட்டைகள் இருக்கின்றன, சில தவிர. சந்தா கட்டியவர்கள் 31 பேர். மீதிப் பேரில் சிலர் மேல் லயத்துக்காரர்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தலைவர், பொருளாளர், தேநீர் தந்த மாதர் அணி, ஆங்கிலப் பக்கங்களை வாசித்துச் சொன்ன உயர்தர மாணவி ஆகியோருக்கு நன்றி.

அடுத்த வருடம் இப்பதவியில் இருப்பேனா தெரியாது. முழங்காலும் முன்போல் இல்லை. ஆனால் விசாரணைக்குக் கூப்பிட்டால் கொழும்புக்கு ஐந்து பேராவது போக வேண்டும். வருபவர்கள் கூட்டம் முடிந்து போகும்போது பெயரைத் தந்துவிட்டுப் போகலாம். சந்தாப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது.

செயலாளர்