பேசாத பிள்ளைக்காகப் பள்ளிக் கதவைப் பதினைந்து நிமிடம் திறந்து வையுங்கள்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடத்தும் பள்ளிகளின் தாளாளர்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும், வகுப்பு மிஸ்களுக்கும்,

வணக்கம்.

ஜூன் மாதத்தில் அழுகிற பிள்ளை எல்லோர் கண்ணிலும் படும். ஆயாம்மா தூக்கிக்கொள்வார், மிஸ் பொம்மை கொடுப்பார், சில வாரங்களில் அழுகை ஓயும். அழாமலும் பேசாமலும் பையை மடியில் வைத்தபடி ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் யாருக்கும் தொந்தரவில்லை. ‘ரொம்ப சமத்து’ என்று பெயர் வாங்கிவிடும். அரையாண்டு வந்ததும் ‘யாரோடும் சேரமாட்டேங்கிறாள்’ என்று டைரியில் எழுதி அனுப்புவீர்கள். இந்த மடல் அந்தப் பிள்ளைக்காக.

மற்றவர்கள் விளையாடுவதை அவள் பார்த்துக்கொண்டே நிற்பதைக் குறையாக எண்ண வேண்டாம். சிறு பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்து 1932இல் எழுதிய மில்ட்ரெட் பார்ட்டன், வேடிக்கை பார்ப்பதையும், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே விளையாடுவதையும் தனி வகைகளாகவே குறித்தார். கூச்சமுள்ள பிள்ளை இந்த இரண்டிலும் கூடுதல் நாள் தங்கும், அவ்வளவுதான். ‘போ, போய் விளையாடு’ என்று கையைப் பிடித்து நடுவில் விட்டால், மறுநாள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

நாற்பது பேரோடு பழக்க முயலாதீர்கள். ஒரு தோழி போதும். வகுப்பிலேயே வாயாடியான பிள்ளையைத் துணைக்கு விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அவள் எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுவாள்: ‘மிஸ், அவ பேச மாட்டா மிஸ், அவளுக்குத் தண்ணி வேணுமாம் மிஸ்.’ நிதானமான பிள்ளையாகப் பார்த்து, அதே இருவரை அதே இடத்தில் மூன்று வாரம் உட்கார வையுங்கள். தினமும் பத்து நிமிடம் இருவருக்கும் சேர்ந்து ஒரு வேலை கொடுங்கள். ஆளுக்கொரு பிரஷ், நடுவில் ஒரே கோந்துக் கிண்ணம். கிண்ணமும் இரண்டானால் தலை நிமிராமலே வேலையை முடித்துவிடுவார்கள். பிரஷும் ஒன்றானால் கூச்சமுள்ள பிள்ளை விட்டுக்கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். பல்லாங்குழியும் நல்லது, வாய் திறக்காமலே முறை மாறி மாறி ஆடலாம். ஆளுக்கு மூன்று குழி போதும். புளியங்கொட்டை மூக்குக்குள் போய்விடும் வயது இது, அதனால் பாட்டில் மூடிகளைப் போடுங்கள்.

கூட்டு விளையாட்டில் ரயில் வண்டி விடுங்கள். அவள் நடுப்பெட்டியாக இருக்கட்டும். முதலிலும் கடைசியிலும் நிற்கிறவர்கள் மேல்தான் எல்லார் கண்ணும் போகும். குலைகுலையா முந்திரிக்காய் முதல் பருவத்தில் வேண்டாம், ஒருத்தியை மட்டும் எழுப்பி ஓடவிடும் ஆட்டம் அது. ஆண்டு விழாவில் மாறுவேடமிட்டுத் தனியாக மைக் முன் நிறுத்துவதைப் பற்றி நாங்கள் சொல்லவே வேண்டாம்.

கேள்வியையும் குறையுங்கள். ‘நீல வண்டி மேலே ஏறுது’ என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருங்கள், பதில் கேட்காமல். சில நாள் கழித்து ‘சிவப்பா, நீலமா?’ என்று கேளுங்கள். விரல் காட்டினாலும் அது பதில்தான். கேட்டபின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் இரண்டு எண்ணுவதற்குள் நாம் கேள்வியைத் திரும்பக் கேட்டுவிடுகிறோம், பிள்ளையும் முதலிலிருந்து தயாராக வேண்டியிருக்கிறது. பாத்ரூம் போக ‘மே ஐ கோ’ என்று முழு வாக்கியம் சொல்லச் சொல்லாதீர்கள். சுண்டுவிரல் போதும். கேட்க முடியாமல் உடையை நனைத்துக்கொண்ட பிள்ளைக்கு அடுத்த ஒரு மாதம் வீண்.

இனி தாளாளர்களிடம் ஒரு கோரிக்கை. ‘வீட்டில் வாய் ஓயாமல் பேசுறா, இங்கே ஏன்?’ என்று அம்மாக்கள் கேட்பது பொய்யில்லை. அந்தப் பேச்சை வகுப்பறைக்குள் கொண்டுவர ஒரு முறை உண்டு. அதற்கு அம்மா கேட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டும். பள்ளி விட்டபின் காலி வகுப்பில் அம்மாவும் பிள்ளையும் பதினைந்து நிமிடம் விளையாடட்டும், கதவு சாத்தியிருக்கட்டும். குரல் சரளமாக வந்தபின் மிஸ் கதவருகே நோட்டு திருத்துகிறவர்போல உட்காரலாம். திரும்பிப் பார்க்கக் கூடாது. அடுத்தடுத்த நாள்களில் ஒரு பெஞ்சு கிட்டே, பிறகு அதே பாயில். அதன்பின் அந்தத் தோழி, கடைசியில் அம்மா மெல்ல விலகல். குரல் நின்றுவிட்டால் முந்தைய நாளின் தூரத்துக்குத் திரும்புங்கள். அவசரப்பட்டு இரண்டு படி தாண்டுவதால்தான் பெரும்பாலும் கெடுகிறது.

முதல் சொல் வந்ததும் கைதட்டாதீர்கள், சாக்லேட் நீட்டாதீர்கள். ‘ஹே, பேசிட்டா!’ என்று வகுப்பே திரும்பினால் அந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும். ‘சரி, இந்தா நீலம்’ என்று கொடுத்துவிட்டு நகருங்கள்.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை புது மொழி பிடிபடும்வரை மௌனமாக இருப்பது இயல்பு; அதைக் கூச்சம் என்று முடிவுகட்ட வேண்டாம். வீட்டு மொழியிலும் பேச்சு குறைவு, பெயர் சொன்னால் திரும்புவதில்லை என்றால் காதுப் பரிசோதனையும் வளர்ச்சிப் பரிசோதனையும் உடனே தேவை. வீட்டில் பேசியும், பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் தாண்டி ஒரு மாதத்துக்கு மேலாக அங்கே வாயே திறக்காவிட்டால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அது பிடிவாதமல்ல, பதற்றம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5 அதைப் பதற்றக் கோளாறுகளில்தான் சேர்த்திருக்கிறது.

டைரியில் ‘பேசவில்லை’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், கிண்ணத்தை யார் நகர்த்தினார்கள் என்று எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமை மாலை எந்தப் பிள்ளையை வீட்டுக்கு அழைப்பது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
மழலையர் கல்விப் பயிற்றுநர்கள் சிலர்