செவலைக்கு இப்போ தேவலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். கச்சான் காத்து இன்னும் அடங்கல, அப்பா கடலுக்குப் போறதும் போகாததுமா இருக்காரு. நேத்து போன்ல "அசதியா இருக்கும்மா, தூங்குறேன்"னு வச்சிட்ட. தூங்குற புள்ளைய எழுப்ப வேண்டாம்னு நானும் திருப்பிப் பண்ணல.

நம்ம பூனைக்குட்டி செவலைக்கு உடம்புக்கு ஆகாமப் போச்சு. அப்பா நகரை மீனு கொண்டாந்தா தெருமுனைக்கே ஓடிப்போய் காலைச் சுத்துமே, காரப்பொடி மீனு காயப்போட்ட பாயில ஏறி அட்டகாசம் பண்ணுமே, அது இப்போ பழைய வலைக்குப் பின்னாடி போய்ச் சுருண்டுக்குச்சு. மீனை வச்சா மோந்துட்டுத் திரும்பிக்குது. உடம்பை நக்குறதையும் விட்டுருச்சு, முடியெல்லாம் சிலுத்துப் போச்சு. வெயில் அசதின்னாங்க எல்லாரும். ஒரு வயசு ஆகாத குட்டி, ஓடுற வயசுல எப்படி ஓஞ்சு கிடக்கும்? காய்ச்சல் மாத்திரையில பாதி குடுன்னாங்க. நான் குடுக்கல. பூனைக்கு பாராசிட்டமால் விஷமாம்.

கூடையில வச்சு பஸ் ஏறி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். கரையில கிடக்குற விஷப் பேத்தை மீனைத் தின்னுச்சான்னுதான் டாக்டரு முதல்ல கேட்டாரு. அப்புறம் உதட்டைத் தூக்கிக் காட்டினாரு. ஈறு சுண்ணாம்பா வெளுத்திருந்துச்சு. பேன் சீப்பால வாரி, விழுந்த கருப்புத் தூளை ஈரப் பஞ்சுல வச்சாரு. கொஞ்ச நேரத்துல பஞ்சு செவந்துருச்சு. தெள்ளுப்பூச்சி குடிச்ச ரத்தமாம். சின்ன உடம்பு, இருக்கிற ரத்தமே கொஞ்சம்தானே. பூனை நோவைக் காட்டிக்காதாம், ஒதுங்கிப் படுக்கிறதுதான் அடையாளமாம். ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தாலே ஈரல் கெட்டுரும்னாரு. பூச்சிக்கும் குடல்புழுவுக்கும் மருந்து குடுத்தாரு. நாய்க்கு ஊத்துற உண்ணி மருந்தை இதுக்கு ஊத்திராதீங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாரு.

நீ நைட் டூட்டின்னா சாப்பிடுறியா, இல்ல டீயைக் குடிச்சிட்டு ஓடுறியா? வேளைக்குச் சாப்பிடு. திருவிழாவுக்கு வந்தப்ப மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினத நான் பாத்தேன், நீ சிரிச்சு மழுப்பிட்ட. நாலு பேருக்கு ரத்தம் ஏத்துற கை உன் கை. இந்தப் பாம்பன்ல எம்மக நர்சுன்னு சொல்லிக்கிட்டுத்தான் நான் நடமாடுறேன். உனக்குப் போய் நான் என்ன சொல்றது. ஆனா பெத்தவகிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. சின்னம்மா விஷயத்துலயும் அசதின்னுதான் எல்லாரும் சொன்னாங்க.

வேளைக்குச் சாப்பிடு தாயி. முருங்கைக்கீரைப் பொடியும் காரப்பொடிக் கருவாடும் பார்சல் போட்டிருக்கேன். ஆட்டுச் சுவரொட்டி, அதான் மண்ணீரல், இங்கிருந்து அனுப்ப முடியாது, அங்க கறிக்கடையில முதல் நாளே சொல்லி வை, விடியமுன்ன போனாத்தான் கிடைக்கும். செவலை நேத்து ஈரல் வேகவச்சுக் குடுத்ததைத் தின்னுச்சு. ஈறு இன்னும் முழுசாச் செவக்கல, தினம் தூக்கிப் பாக்குறேன். நீயும் கண்ணாடி முன்னாடி நின்னு கீழ் இமையை இழுத்துப் பாரு. உங்க ஆஸ்பத்திரியிலேயே டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு ஹீமோகுளோபின் எத்தனைன்னு எனக்குச் சொல்லு. பொம்பளைக்கு 12க்குக் குறையக் கூடாதுன்னு நீதானே எனக்குச் சொன்ன.

அம்மா