முள்மரம்தான் என்று எப்படித் தெரியும்?

குன்னூர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காலேஜில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே மழை விட்டுவிட்டது. பச்சைத் தேயிலைக்குத்தான் விலை இல்லை. பறிப்புக் கூலிக்கே சரியாகிவிடுகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். முள்மரத்தை இளசிலேயே வெட்டு என்று வள்ளுவரே சொல்லியிருக்க, எதிரி அடிக்கும்வரை ஒரு நாடு ஏன் காத்திருக்க வேண்டும் என்று கோபமாக எழுதியிருந்தாய். வெலிங்டன் பட்டாளத்துக்காரர்களோடு பேசிப் பழகியவன் நான். தற்காப்பு வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அது முள்மரம்தான் என்று தெரிய வேண்டாமா?

1837இல் கனடாவில் இருந்த பிரிட்டிஷ் படை நயாகரா ஆற்றைத் தாண்டிப் போய், கலகக்காரர்களுக்கு ஆயுதம் ஏற்றிவந்த 'கரோலின்' என்ற அமெரிக்கக் கப்பலைக் கொளுத்தியது. தற்காப்பு என்றார்கள். பிறகு 1841இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் வைத்த அளவுகோலைத்தான் இன்றும் சட்டம் படித்தவர்கள் சொல்கிறார்கள்: ஆபத்து தலைக்கு மேல் வந்திருக்க வேண்டும், வேறு வழியோ யோசிக்க நேரமோ இருக்கக் கூடாது. ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவு இன்னும் கறார். ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காத்துக்கொள்ளலாம் என்றுதான் அதில் இருக்கிறது.

ஓங்கிய கையைத் தடுப்பது வேறு. நாளைக்கு ஓங்குவான் என்று இன்றைக்கே போய் வெட்டுவது வேறு. 2003இல் அமெரிக்கா இராக் மேல் படையெடுத்தது இரண்டாவது வகை. பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்கள். ஐ.நா. ஆய்வாளர்கள் இன்னும் சில மாதம் அவகாசம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கடைசியில் சொன்ன ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தத் தவறான கணிப்புக்கு உயிரைக் கொடுத்தவர்கள் பாக்தாத்தில் கடை வைத்திருந்தவனும் பள்ளிக்கூடம் போன பிள்ளையும். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை, முருகேசா.

நம் கதையும் அப்படியொன்றும் நேரானது இல்லை. 1971 டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் நம் விமானத் தளங்களை முந்திக்கொண்டு தாக்கியது என்றுதான் நாம் படித்தோம். அது உண்மை. ஆனால் நவம்பரிலேயே நம் படை கிழக்குப் பாகிஸ்தான் எல்லையைத் தாண்டியிருந்தது. அங்கிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்துகொண்டிருந்ததால் அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் யார் முதலில் அடித்தார்கள் என்பதை மட்டும் வைத்து நியாயத்தை முடிவு செய்ய முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கே பிடிபடாதது 1967தான். எகிப்து அதிபர் நாசர், இஸ்ரேல் கப்பல்கள் செங்கடலுக்குப் போகும் வழியான திரான் நீரிணையை மூடினார், சினாயில் படையைக் குவித்தார். ஜூன் 5 காலையில் இஸ்ரேல் எகிப்தின் விமானங்களைத் தரையிலேயே அழித்தது. 1982இல் இஸ்ரேல் பிரதமராக இருந்த பெகின், அந்தப் படைக்குவிப்பு நாசர் தாக்கப்போகிறார் என்பதற்கு நிரூபணம் ஆகாது, தாக்க முடிவெடுத்தது நாம்தான் என்று பேசினார். அதே பேச்சில் அது தற்காப்புப் போர்தான் என்றும் சொன்னார். இரண்டும் ஒன்றாக நிற்குமா? நீ அந்த இடத்தில் இருந்திருந்தால் எத்தனை நாள் பொறுத்திருப்பாய்? அடுத்த கடிதத்தில் இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

அன்புடன்,
ராஜு