வாஸ்கோ ட காமாவின் 1924 கடிதம்: தமிழில் கால்பந்து எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்து வாஸ்கோ ட காமா கிளப், தன் வீரர்கள் 12 பேரை நீக்க மறுத்து 1924 ஏப்ரல் 7ஆம் தேதி எழுதிய கடிதத்தின் படம் அடிக்கடி பகிரப்படுகிறது. கூடவே "கறுப்பின வீரர்களை முதலில் சேர்த்த கிளப்" என்ற வரியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த வரியை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அது தவறான தகவல். அதோடு, அந்த வீரர்களை எந்த வழியில் வெளியே தள்ளப் பார்த்தார்கள் என்பதையும் அது மூடி மறைத்துவிடுகிறது.

முதலில் யார் என்பதை முடித்துவிடுவோம். ரியோவின் ஜவுளி ஆலைப் பகுதியில் பிறந்த பாங்கு கிளப், பிரான்சிஸ்கோ கர்ரெகால் என்ற நெசவுத் தொழிலாளியை 1905லேயே ஆடவிட்டது. 1907இல் நகரின் லீக் நிர்வாகம் "நிறமுடையவர்களை" வீரர்களாகப் பதியக்கூடாது என்று வெளிப்படையாகவே தடை போட்டது. பாங்கு லீக்கிலிருந்து விலகியது. 1924இல் அப்படி எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. வீரர்கள் நிரப்ப வேண்டிய பதிவுப் படிவங்களே அந்த வேலையைச் செய்தன.

வாஸ்கோ பிறந்தது 1898 ஆகஸ்ட் 21 அன்று, படகுப்போட்டிக் கிளப்பாக. வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்திறங்கிய 400ஆம் ஆண்டு அது. பெயரின் காரணம் அதுதான். போர்ச்சுக்கீசியக் கடைக்காரர்களும் கடைச் சிப்பந்திகளும் நிறைந்த சங்கம். கலப்பினத்தவரான காந்திடோ ஜோசே டி அராவுஜோவை 1904இல் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கால்பந்து அங்கே நுழைந்தது 1915இல்தான். 1916இல் மூன்றாம் பிரிவில் ஆடிய முதல் ஆட்டத்தில் 10-1 என்று தோற்றார்கள். 1922இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தார்கள்; 1923இல், முதல் பிரிவில் கால் வைத்த அதே ஆண்டில், சாம்பியன். 14 ஆட்டங்களில் 11 வெற்றி, 2 டிரா. தோல்வி ஒன்றே ஒன்று, பிளமெங்கோவிடம்.

அந்த அணியில் கோல்கீப்பர் நெல்சன் டா கொன்சைசாவ் டாக்சி ஓட்டியவர். செசி சுவருக்கு வண்ணம் அடிப்பவர், நிகோலினோ துறைமுகச் சுமைதூக்கி, பொலாவ் லாரி ஓட்டுநர். உருகுவேக்காரரான பயிற்சியாளர் ரமோன் பிளாட்டெரோ தினமும் ஓடவிட்டுத் தயார் செய்ததால், எதிரணி களைத்துப்போகும் இரண்டாம் பாதியில் இவர்கள் ஆட்டத்தைத் திருப்பினார்கள்.

விலக்கும் வேலை எப்படி நடந்தது என்பதை விரித்து எழுதுங்கள். அன்று ரியோ கால்பந்து அமெச்சூர் விளையாட்டு, காசு வாங்கி ஆடக்கூடாது. அதனால் வீரர் தனக்கு வேறு வருமானம் உண்டு என்று காட்ட வேண்டும். எங்கே வேலை, என்ன வேலை என்று விசாரிப்பார்கள். "தாழ்ந்த" தொழில் என்றால் அதுவே குற்றம். அடுத்தது எழுத்தறிவு. படிவத்தைத் தன் கையால் நிரப்ப வேண்டும், ஆட்டத்தாளில் கையெழுத்திட வேண்டும். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888இல். அந்த மக்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளிக்கூடம் பார்த்திருப்பார்கள்? நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமலேயே விதி யாரைப் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏழை வெள்ளையரும் அதில் சிக்கினார்கள். இத்தாலியக் குடும்பப் பெயர் கொண்ட வாஸ்கோ வீரர் பாஸ்கோவால் சினெல்லி, எழுத எளிதாக இருக்கட்டும் என்று "பாஸ்கோவால் சில்வா" என்று கையெழுத்துப் போட்டதாகச் சொல்வார்கள்.

வாஸ்கோவின் வியாபாரிகள் வீரர்களைத் தங்கள் கடைகளில் ஊழியர்களாகப் பதிந்தார்கள், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வென்றால் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். நேரடியாகச் சொல்ல முடியாத அந்தப் பணத்துக்கு 25 விலங்குகள் கொண்ட சூதாட்டத்திலிருந்து பெயர் வைத்தார்கள்: நாய் என்றால் 5 மில்-ரெய்ஸ் (அன்றைய பிரேசில் நாணயம்), முயல் என்றால் 10, வான்கோழி என்றால் 20. அந்தச் சூதாட்ட வரிசையில் அவற்றின் எண்களும் அவைதான். பிரேசிலில் வெற்றி போனஸை இன்றும் "பிஷோ", அதாவது விலங்கு, என்றே சொல்கிறார்கள். எனவே அமெச்சூர் விதி மீறப்பட்டது உண்மை. அதை மறைக்காமல் எழுதுங்கள். மற்றக் கிளப்களின் வசதியான பையன்களுக்கு அந்த விதியால் ஒரு இடைஞ்சலும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

1924 மார்ச்சில் பிளுமினென்ஸ், பிளமெங்கோ, பொட்டாபோகோ, அமெரிக்கா, பாங்கு ஆகிய ஐந்தும் பிரிந்துபோய் அமெயா என்ற புதுச் சங்கத்தைத் தொடங்கின. ஆம், பாங்குவும் அதில் இருந்தது. இதை விட்டுவிட்டால் கதை எளிதாகும், ஆனால் பொய்யாகும். வாஸ்கோ சேர வேண்டுமானால் 12 வீரர்களை நீக்க வேண்டும் என்றார்கள்.

261 என்ற எண்ணிட்ட பதில் கடிதத்தை எழுதியவர் கிளப் தலைவர் ஜோசே அகுஸ்டோ பிரெஸ்டெஸ். பெறுநர் அமெயா தலைவர் அர்னால்டோ கின்லே. அதை முழுதாகப் படியுங்கள். "கறுப்பர்" என்ற சொல் எங்கும் இல்லை. எங்கள் மைதானத்தின் குறையோ, அலுவலகத்தின் எளிமையோ, உறுப்பினர் பலரின் எளிய நிலையோ, எங்களை இப்படித் தாழ்த்தி வைப்பதை நியாயப்படுத்தாது என்று தொடங்குகிறது. அந்த 12 பேரின் சமூக நிலையை விசாரித்த முறையை ஏற்க முடியாது என்கிறது. அவர்கள் சார்பில் பேச ஆளும் இல்லாமல், எதிர்வாதத்துக்கு வழியும் இல்லாமல் தீர்ப்பு நடந்தது என்கிறது. அந்த இடத்தில் அவர்களைக் குறிக்க வரும் சொல் "கொன்சோசியோஸ்": எங்கள் சக உறுப்பினர்கள். டாக்சி ஓட்டுநரும் சுமைதூக்கியும் கடை முதலாளிகளுக்குச் சமமாக அந்த ஒரு சொல்லில் நிற்கிறார்கள். மொழிபெயர்க்கும்போது அதை "வீரர்கள்" என்று மாற்றிவிடாதீர்கள். கடைசியில், அமெயாவில் சேரும் எண்ணத்தைக் கைவிடுகிறோம் என்று முடிகிறது.

அடுத்து நடந்ததிலும் குழப்பம் வரும். 1924இல் ரியோவில் இரண்டு லீக், இரண்டு சாம்பியன்கள்: அமெயாவில் பிளுமினென்ஸ், பழைய லீக்கில் தோல்வியே காணாத வாஸ்கோ. 1925இல் வாஸ்கோ அமெயாவில் சேர்ந்தது, ஆகவே "என்றைக்குமே சேரவில்லை" என்று எழுதக்கூடாது. மைதானக் குறை என்ற பேச்சுக்குப் பதிலாக உறுப்பினர்களிடம் பணம் திரட்டி, 1926 ஜூனில் அடிக்கல் நட்டு, பத்தரை மாதத்தில் சாவ் ஜனுவாரியோ அரங்கை எழுப்பினார்கள். 1927 ஏப்ரல் 21 அன்று நடந்த திறப்பு ஆட்டத்தில் சான்டோஸிடம் 5-3 என்று தோற்றார்கள். 1930இல் மொன்டேவீடியோவில் சென்டெனாரியோ அரங்கு திறக்கும்வரை தென் அமெரிக்காவில் அதுவே பெரியது.

இன்னும் ஒன்று. "கறுப்புச் சட்டைகள்" என்ற 1923 அணியின் பட்டப்பெயர் அவர்கள் போட்ட சட்டையின் நிறத்தால் வந்தது. வீரர்களின் தோலைக் குறிப்பதாக அதை மொழிபெயர்க்க வேண்டாம்.

அன்புடன்,
தென் அமெரிக்கக் கால்பந்து வரலாற்றைத் தொடர்ந்து படித்துவரும் சிலர்