அடை உட்காரும் கோழியை முதலில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்க ஏற்ற இனங்கள் என்று உங்கள் நாளிதழின் விவசாயப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா, கடக்நாத், அசீல் என்று வரிசையாகச் சொல்லி, வருடத்துக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ எடை என்று ஒவ்வொன்றுக்கும் போட்டிருந்தீர்கள். எது அடை உட்காரும் (முட்டைமேல் உட்கார்ந்து தானே குஞ்சு பொரிக்கும்), எது உட்காராது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. எங்கள் மகளிர் குழுவில் இரண்டு பேர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, "எதை வாங்கலாம் அக்கா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்திலிருந்தே கோழி உண்டு. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழியான சிறுவிடைதான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற இனங்களை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

சிறுவிடை ஒரு ஈட்டுக்கு, அதாவது தொடர்ந்து முட்டையிடும் ஒரு சுற்றுக்கு, பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். வருடத்துக்கு மூன்று நான்கு ஈடுதான். கட்டுரையில் போட்டிருந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால் நாற்பதிலிருந்து அறுபது முட்டை என்பது அற்பமாகத்தான் தெரியும். ஆனால் இந்தக் கோழி 21 நாள் அடை உட்கார்ந்து, பொரித்து, ஒன்றரை மாதத்துக்கு மேல் குஞ்சுகளைத் தானே கட்டிக் காக்கும். கரையான் புற்று எங்கே இருக்கிறது, பருந்து வந்தால் எந்தப் புதருக்குள் ஓடுவது என்று எல்லாவற்றையும் கற்றுக் கொடுக்கும். முட்டைக்கென்றே உருவாக்கிய இனங்களுக்கு இந்தக் குணம் இருக்காது. அடை உட்கார்ந்த கோழி முட்டையை நிறுத்திவிடும் என்பதால், அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துத்தான் அந்த இனங்களைக் கொண்டுவந்தார்கள். வெள்ளை லெகார்ன் வருடத்துக்கு 280 முட்டைக்கு மேல் இடும், அடைக்கு உட்காராது. வனராஜாவும் கிராமப்பிரியாவும் ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவை, கிரிராஜா பெங்களூருவில் உருவானது. நல்ல கோழிகள்தான். ஆனால் அவற்றைப் பெருக்க ஒவ்வொரு முறையும் வெளியே போய்க் குஞ்சு வாங்க வேண்டும்.

அப்படி வாங்கி வரும் ஒரு நாள் குஞ்சுக்குத் தாய் கிடையாது. முதல் மூன்று நான்கு வாரம் பல்பு போட்டுச் சூடு கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் 35 டிகிரி அளவுக்குச் சூடு, பிறகு வாரத்துக்கு வாரம் குறைக்க வேண்டும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். இரவில் கரண்ட் போனால் விழித்திருந்து பார்க்க வேண்டும். பகலில் நூறுநாள் வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்கு இது எப்படி முடியும்? அடைக்கோழி ஒன்று வீட்டில் இருந்தால் இந்தக் கவலை பாதியாகக் குறையும். அது குஞ்சு பொரிக்கிற அதே நாளில், வாங்கிவந்த ஒரு நாள் குஞ்சுகளில் நாலைந்தை ராத்திரி இருட்டில் அதன் இறக்கைக்கு அடியில் தள்ளிவிட்டால், பெரும்பாலும் காலையில் தன் குஞ்சுகளோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும். கிராமப்பிரியாவை எங்கள் கொல்லைக்குக் கொண்டுவந்தது இந்த வழியில்தான்.

அதனால் கலந்து வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: சிறுவிடைப் பொட்டை ஐந்தாறு, சிறுவிடைச் சேவல் ஒன்று. வீட்டுக் குழந்தைகளுக்கு முட்டை வேண்டும் என்றால் கிராமப்பிரியா இரண்டு மூன்று. முதல் வருடத்துக்கு அது போதும். வனராஜாச் சேவலைச் சின்னப் பொட்டைகளோடு விடாதீர்கள், அதன் கனத்துக்குப் பொட்டையின் முதுகு கிழிந்துவிடும். கிராமப்பிரியாவின் முட்டையைச் சிறுவிடையின் அடியில் வைத்துப் பொரிக்கலாம், ஆனால் அந்தக் குஞ்சும் வளர்ந்து தாய் அளவுக்கு முட்டையிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வான்கோழியைக் கோழியோடு சேர்த்து விடுவதும் வேண்டாம். கோழிக்கு ஒன்றும் செய்யாத கிருமி வான்கோழியைக் கொன்றுவிடும்.

வெயிலைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் இல்லை. வேலூர் வெயிலைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும்போது முதலில் வாயைப் பிளந்து இளைப்பது கனமான உடம்பும் அடர்ந்த இறகும் உள்ள கோழிகள்தான். சிறுவிடை புங்கமரத்து நிழலில் மண்ணைக் கிளறி உள்ளே படுத்துக்கொண்டு தாங்கிவிடும். கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்துக் கோழி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். பார்க்க நன்றாக இல்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். இறகு குறைவு என்பதால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும், நம் ஊருக்கு அது பெரிய வரம்.

கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி, 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. கறுப்புக் கறிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு எங்கள் தெருத் தம்பி ஒருவர் அதிலேயே ஆரம்பிக்கப் பார்த்தார். அது சரியாக அடை உட்காராது, வாங்குகிறவர்களை நாம்தான் தேடிப் போக வேண்டும். முட்டையும் கறுப்பாக இருக்கும் என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். அதன் முட்டை வெளிர் பழுப்பு நிறம்தான். அசீல் பொட்டை நன்றாக அடை உட்காரும், ஆனால் இரண்டு சேவல் ஒரே கொல்லையில் இருந்தால் ஒன்று சாகும்வரை விடாது. அது பழகியவர்கள் வளர்க்க வேண்டிய கோழி.

வண்டியில் கூவி விற்கும் பச்சை, ரோஸ் கலர் குஞ்சுகளைப் பற்றி எழுதும்போதே எனக்கு மனம் கொதிக்கிறது. முட்டைப் பண்ணைகளுக்கு ஆண் குஞ்சு தேவையில்லை. பெரும்பாலும் அவற்றுக்குத்தான் சாயம் பூசி, நாட்டுக்கோழி என்று சொல்லிக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பாதிக்கு மேல் ஒரு வாரம்கூடத் தாங்காது. பிழைத்தாலும் முட்டையிடாது. தெரிந்த வீட்டில், தாயும் குஞ்சுமாகப் பார்த்து வாங்குவதுதான் நல்லது. ஒடுகத்தூர் வெள்ளிச் சந்தையிலோ கே.வி.குப்பம் திங்கள் சந்தையிலோ வாங்கினால், வீட்டுக் கோழிகளோடு உடனே சேர்க்காமல் பதினைந்து நாள் தனியாகக் கட்டிவையுங்கள்.

எந்த இனமாக இருந்தாலும் வெள்ளைக் கழிச்சல் என்கிற கொள்ளை நோய் வந்தால் கொல்லையே காலியாகிவிடும். அதைத் தடுக்கக் குஞ்சுக்கு ஏழு நாளில் லசோட்டா என்னும் சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி, இரண்டும் கட்டாயம். அந்த ஊசி மருந்தைத் தயாரிக்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதோ ராணிப்பேட்டையில், 1932 முதல் இருக்கிறது. மருந்து நம் ஊரிலேயே தயாராகியும் ஆறு கோழி வைத்திருக்கும் பெண்ணுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் போடும் மருந்து இருக்கிறது. கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆறு கோழிக்காக எந்த மருத்துவரும் குப்பியை உடைக்கத் தயங்குவார், அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் குழு ஊரில் பேசி ஒரு நாளைக் குறித்து, எல்லார் வீட்டுக் கோழிகளையும் விடியற்காலையில் கூடு திறப்பதற்கு முன்பே பிடித்து ஒரே இடத்தில் சேர்த்தோம். குப்பி வீணாகவில்லை. பிப்ரவரியில் நடத்தும் கோழித் தடுப்பூசி முகாமோடு நிறுத்தாமல், ஊராட்சிதோறும் இரண்டு மாதத்துக்கு ஒரு நாளை இப்படிக் குறித்துக் கொடுக்க வேண்டும் என்று கால்நடைப் பராமரிப்புத் துறையை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த முறை இனங்களின் பட்டியல் போடும்போது, அடை உட்காருமா, வெயில் தாங்குமா என்று இரண்டு கட்டம் சேர்த்துப் போடுங்கள். முகாம் நடக்கும் ஊர்களின் பெயரையும் நாளையும் ஒரு வாரம் முன்பே மாவட்டச் செய்திகளில் வெளியிட்டால், கோழிகளைப் பிடித்து வைக்க எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.